பயமுறுத்த எவ்வளவு செலவாகும்?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் தம்பி வீட்டு நிலைவாசலுக்கு மேலே ஒரு பூசணிக்காய் தொங்குகிறது. ஆடி அமாவாசையன்று கயிற்றில் கட்டித் தொங்கவிட்டது. பிதுங்கிய கண் இரண்டு, கோரைப்பல், தொங்கும் நாக்கு, முறுக்கு மீசை என்று எல்லாவற்றையும் கடைக்காரரே பெயின்டில் தீட்டிக் கொடுத்திருந்தார். போன அக்டோபர் கடைசியில் தம்பி மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கோரிக்கையோடு வந்தாள். தோழி வீட்டில் ஹாலோவீன் கொண்டாடுகிறார்களாம், நம் வீட்டையும் பேய்வீடு ஆக்க வேண்டுமாம். பரங்கிக்காயில் செதுக்கிய முகம், எலும்புக்கூடு, சிலந்தி வலை, புகை எல்லாம் வேண்டும். அவள் அம்மா ஆன்லைனில் விலையைப் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"ஏம்மா, வாசல்லயே ஒண்ணு தொங்குதே, அது போதாதா?" என்றேன்.

"அது பேய் இல்ல பெரியப்பா. அது திருஷ்டிக்கு" என்றாள் கறாராக.

குழந்தை சொன்னதில் ஒரு நல்ல அறிவியல் கேள்வி இருக்கிறது. அதே கண், அதே பல். புதிதாக வீட்டுக்கு வரும் கூரியர் பையன் அண்ணாந்து பார்த்து ஒரு கணம் தயங்குகிறான். தினமும் அதன் கீழே நுழைந்து வரும் இவளுக்கோ அது ஒரு காய். பயம் பொம்மையில் இருந்தால் இருவருக்கும் ஒரே மாதிரிதானே இருக்க வேண்டும்? பயத்தைத் தயாரிப்பது பார்க்கிறவரின் மூளை. கடையில் வாங்குவது அதற்கான சின்னத் தூண்டுதல் மட்டும்தான். இது புரிந்துவிட்டால் பட்ஜெட் பாதிக்குமேல் குறைந்துவிடும்.

அதற்கு முன் ஹாலோவீன் வரும் தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. புனிதர் அனைவர் திருநாளுக்கு முந்தைய இரவு என்பதுதான் ஹாலோவீன் என்ற பெயரின் பொருள். நவம்பர் 1 அந்தத் திருநாள். 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்ததும் அதே நவம்பர் 1 என்பதால், புதுச்சேரிக்கு அது விடுதலை நாளும் கூட. மறுநாள் கல்லறைத் திருநாள். உப்பளம் கல்லறைத் தோட்டம் சாமந்தியும் மெழுகுவத்தியுமாக நிறைந்துவிடும். பிரெஞ்சு ஊர் என்பதால் ஹாலோவீன் இங்கே பழைய வழக்கமாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். பிரான்சிலேயே அது 1990களில்தான் கடைவீதி வழியாக நுழைந்தது. அயர்லாந்தில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, சினிமாவிலும் போனிலும் ஏறி நம் ஊருக்கு வந்த பண்டிகை அது. 2024இல் தீபாவளியும் அக்டோபர் 31 அன்றே வந்தது. வெடிச்சத்தத்தில் அன்று எந்தப் பேய்க்கும் வேலை இருந்திருக்காது.

அயர்லாந்துக்காரர்கள் முதலில் டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் முகம் செதுக்கினார்கள். கெட்ட ஆவிகளை வாசலில் நிறுத்தி வைப்பதற்காக என்பது அங்கே சொல்லப்படும் காரணம். நம் திருஷ்டிப் பூசணிக்கும் அதே உத்தியோகம்தானே!

வெள்ளைச் சுவரில் கரியால் இரண்டு புள்ளி வைத்து, கீழே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். முகமாகிவிடும். பிறகு எவ்வளவு முயன்றாலும் அதை வெறும் புள்ளியாகப் பார்க்க முடியாது. 1975இல் வெளியான ஒரு ஆய்வில், பிறந்து ஏறக்குறைய 9 நிமிடமே ஆன சிசுக்களிடம் நான்கு அட்டைகளை நகர்த்திக் காட்டினார்கள். கண், மூக்கு, வாய் ஒழுங்காக அமைந்தது ஒன்று, அவை இடம்மாறிக் கலைந்தவை இரண்டு, எதுவும் வரையாதது ஒன்று. ஒழுங்கான முகத்தைத்தான் சிசுக்கள் அதிக தூரம் தலைதிருப்பித் தொடர்ந்தன. அம்மா முகத்தையே இன்னும் சரியாகப் பார்த்திராத கண்கள் அவை. மூளையின் அடிப்பகுதியில், காதுக்குச் சற்றுப் பின்னால், முகம் கண்டால் துடிக்கும் ஒரு பகுதி இருப்பதை 1997இல் நான்சி கான்விஷரும் அவர் சகாக்களும் படம்பிடித்துக் காட்டினார்கள். முகம் கண்ணில் பட்டு 170 மில்லிநொடி கழிவதற்குள் மூளையின் மின்னலைகளில் அதன் தடயம் தெரிந்துவிடும். "இது பூசணிக்காய்" என்று அறிவு சொல்வதற்குள் "யாரோ பார்க்கிறார்கள்" என்ற செய்தி போய்ச் சேர்ந்திருக்கும்.

இந்த அவசரத்தால் மூளை அடிக்கடி ஏமாறுகிறது. 1976 ஜூலையில் வைக்கிங் 1 விண்கலம் செவ்வாயில் ஒரு குன்றைப் படமெடுத்தது. மேட்டில் வெயில், பள்ளத்தில் நிழல், அவ்வளவுதான். அதையே மனித முகம் என்று உலகம் இருபது வருடம் பேசியது. பின்னால் போன விண்கலம் தெளிவான படம் அனுப்பியபோது அது சாதாரண மொட்டைக் குன்று என்று தெரிந்தது. புதருக்குள் இருப்பது புலியா நிழலா என்று தெரியாதபோது, நிழலைப் புலி என்று நினைத்து ஓடியவனுக்குக் கால்வலியோடு போயிற்று. புலியை நிழல் என்று நினைத்தவனுக்குச் சந்ததி இல்லை. நாமெல்லாம் ஓடினவனின் பேரப்பிள்ளைகள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று கிண்டலாகச் சொல்கிறோம். அந்த அரண்டவன்தான் பிழைத்து வந்து பழமொழியைக் காப்பாற்றியிருக்கிறான்.

முகத்தில் கண்ணும், கண்ணில் வெள்ளைப் பகுதியும்தான் முக்கியம். பயத்தில் விரிந்த கண்ணின் வெள்ளையை மட்டும் 17 மில்லிநொடி காட்டி மறைத்தாலே, மூளைக்குள் பாதாம் பருப்பு வடிவத்தில் இருக்கும் அமிக்டலா என்ற எச்சரிக்கைப் பகுதி விழித்துக்கொள்கிறது என்று 2004இல் ஒரு ஆய்வு காட்டியது. பார்த்தவர்களுக்குத் தாங்கள் எதையும் பார்த்ததாகவே நினைவில்லை. திருஷ்டிப் பொம்மை தீட்டுகிறவர் இந்த ஆய்வையெல்லாம் படித்திருக்க மாட்டார். ஆனால் மூக்கைச் சின்னதாகத் தீட்டிவிட்டு, கண்ணின் வெள்ளைக்குத்தான் அவர் பெயின்டைத் தாராளமாகச் செலவழிக்கிறார்.

கண் வரைவது மனிதரை மட்டுமல்ல, சிங்கத்தையும் ஏமாற்றும். ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ பகுதியில் நான்கு ஆண்டுகள் நடந்த ஆய்வு ஒன்று 2020இல் வெளிவந்தது. 2,061 மாடுகள். 683 மாடுகளின் பின்புறத்தில் பெரிய கண்கள் வரைந்தார்கள், 543க்கு வெறும் பெருக்கல் குறி, மற்ற 835க்கு ஒன்றுமில்லை. ஒன்றும் வரையாதவற்றில் 15 மாடுகளும், பெருக்கல் குறி போட்டதில் 4 மாடுகளும் பதுங்கித் தாக்கும் விலங்குகளுக்கு இரையாகின. கண் வரைந்த மாடு ஒன்றுகூடச் சாகவில்லை. பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தால் பதுங்குகிற விலங்கு பின்வாங்கும். நம் சுந்தரவனத்தில் 1980களில் காட்டுக்குள் போனவர்கள் தலையின் பின்பக்கம் முகமூடி மாட்டிக்கொண்டதும் புலியிடம் இதே கணக்கில்தான்.

ஆனால் மாட்டு ஆய்வாளர்கள் ஒரு எச்சரிக்கையும் சேர்த்திருந்தார்கள். சிங்கத்துக்கு நாளடைவில் பழகிவிடலாம். சோளக்கொல்லை பொம்மையின் தலையில் காக்கை உட்காரும் கதைதான். திரும்பத் திரும்ப வந்து எதுவும் செய்யாத ஒன்றை மூளை 'பரவாயில்லை' பட்டியலில் தள்ளிவிடுகிறது. தம்பி மகளுக்கு வாசல் பூசணி பேயாகத் தெரியாததற்கு இதுதான் விடை. ஆக, செலவே இல்லாத முதல் அலங்காரம் இடத்தை மாற்றுவது. தலைக்கு மேல் இருந்ததைக் கண்மட்டத்துக்கு இறக்குங்கள். வெளிச்சத்தில் இருந்ததை மாடிப்படித் திருப்பத்தின் இருட்டில் வையுங்கள். "திருஷ்டிக்குக் கட்டினதை அவுக்கக் கூடாது" என்று எங்கள் அம்மா தடுத்துவிட்டதால், பெரிய மார்க்கெட்டுக்குப் போய் இன்னொரு பூசணி வாங்கிவந்தோம்.

அங்கே ஒரு சர்ச்சை. தம்பி மகளுக்குப் பரங்கிக்காய்தான் வேண்டும், படத்தில் மஞ்சளாகத்தான் இருக்கிறது. பரங்கி அமெரிக்கக் கண்டத்துப் பயிர். ஐரோப்பியக் கப்பலில் நமக்கு வந்ததால், ஐரோப்பியரைக் குறித்த 'பரங்கி' என்ற சொல்லே அதன் பெயராகிவிட்டது. 'பிராங்க்' என்ற இனப்பெயர் அரபு, பாரசீக வழியாகத் திரிந்து வந்த சொல் அது. 'பிரான்ஸ்' என்ற நாட்டுப் பெயருக்கும் அதுதான் வேர். புதுச்சேரியில் பரங்கிக்காய் விற்கும்போது இந்த உறவு யார் நினைவுக்கும் வருவதில்லை.

செதுக்கத் தொடங்கியதும் பரங்கி தன் குணத்தைக் காட்டியது. அமெரிக்கர்கள் செதுக்குவது அதற்கென்றே வளர்த்த வகை. 1960களில் மாசசூசெட்ஸ் விவசாயி ஒருவர் உருவாக்கிய 'ஹவுடன்' என்ற ரகம் அதில் பிரபலம். நம் பரங்கி சாம்பாருக்கும் கூட்டுக்கும் வளர்ந்தது. சதை தடிமன், கத்தி பாதியில் நின்றுவிடும். கஷ்டப்பட்டுச் செதுக்கினாலும் அக்டோபர் மாதத்தில் இந்த ஊரில் அது தாங்காது. காயின் தோல் என்பது மெழுகும் க்யூட்டின் என்ற பொருளும் சேர்ந்த மழைக்கோட்டு. அதைக் கிழித்ததும் உள்ளே இருக்கும் ஈரமும் சர்க்கரையும் காற்றில் மிதக்கும் பூஞ்சை விதைகளுக்கு விருந்தாகிவிடும். குளிர்நாட்டு அக்டோபரில் ஒரு வாரம் நிற்பது, வடகிழக்குப் பருவமழையின் புழுக்கத்தில் இரண்டாம் நாளே வாயோரத்தில் சாம்பல் மயிர் முளைத்து நிற்கும். பேய்க்குப் பொருத்தமான அலங்காரம்தான், ஆனால் நாற்றம் தாங்காது.

வெண்பூசணி அப்படி அல்ல. ஆசியாவையே சொந்த ஊராகக் கொண்டது. முற்றிய காயில் விரலை ஓட்டினால் திருநீறு போல வெள்ளையாக ஒட்டும். சாம்பல் பூசணி என்ற பெயரே அதனால்தான். அது காய் தானே பூசிக்கொள்ளும் மெழுகு. தண்ணீர் ஒட்டாது, பூஞ்சைக்குக் கால் பதிக்க இடம் கிடைக்காது, உள்ளே இருக்கும் 96 சதவீத நீரும் வெளியேறாது. வெட்டாமல் விட்டால் மாதக்கணக்கில் நிற்கும். ஆடியில் கட்டியது ஐப்பசியிலும் உருண்டையாக இருக்கும் ரகசியம் இதுதான். தண்ணீரை விரட்டும் மெழுகு பெயின்டையும் விரட்டும் என்பதால், முகம் வரும் இடத்தை மட்டும் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டுத் தீட்ட வேண்டும். முழுக்காயையும் துடைத்தால் அதன் மழைக்கோட்டை நாமே கழற்றியதாகிவிடும். பண்டிகை முடிந்தபின் நடுரோட்டில் உடைக்க வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆயுதபூஜை ராத்திரியில் பைக்கில் வழுக்கி விழுந்த முழங்கால் எனக்கு இன்னும் வலிக்கிறது.

அடுத்தது ரத்தம். பாட்டிலில் விற்கும் நாடக ரத்தம் எதற்கு? ஆரத்தித் தட்டு நம் வீட்டிலேயே இருக்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் அமிலத்தில் மஞ்சளாகவும், காரத்தில் ரத்தச் சிவப்பாகவும் மாறும். சுண்ணாம்பு கடுங்காரம் என்பதால்தான் ஆரத்தி சிவக்கிறது. சட்டையில் சிந்திய குழம்புக் கறையில் சோப்புப் போட்டதும் சிவந்து நம்மைப் பதறவைப்பதும் இதே வேதியியல். இதை வைத்து ஒரு வேலை செய்தோம். பழைய வெள்ளைத் துணி ஒன்றை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டோம். வந்த பிள்ளைகள் எல்லோரும் சலவை சோப்புத் தண்ணீரில் கையை நனைத்துத் துணியில் பதித்தார்கள். ஐந்து விரலும் சிவப்பாக எழுந்தது. ஒரு வாண்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தன் கைத்தடத்தை மட்டும் அழித்துக்காட்டியது. சுண்ணாம்புத் தண்ணீர் இன்னும் அழுத்தமாகச் சிவக்கும், ஆனால் கண்ணில் பட்டால் ஆபத்து, பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. இந்த ரத்தம் விடிவதற்குள் மங்கிப் பழுப்பாகும். காரத்தில் குர்குமின் வேகமாகச் சிதைந்துவிடுகிறது. உண்மை ரத்தமும் காய்ந்தால் பழுப்பாகத்தானே ஆகிறது, அது வேறு காரணத்தால் என்றாலும்!

கொஞ்சம் கூடுதலாகப் பணம் செலவழித்தது ஒரே ஒரு பொருளுக்கு. கள்ளநோட்டு பார்ப்பதற்கென்று விற்கும் புறஊதா டார்ச், சில நூறு ரூபாய். விளக்கை அணைத்துவிட்டுத் தம்பியின் வெள்ளை வேட்டிமேல் அடித்தால், வேட்டி தனியாக நீலமாக எரிந்துகொண்டு அறைக்குள் மிதந்தது. சலவைத்தூளில் ஒளிரும் வேதிப்பொருள் ஒன்றைச் சேர்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத புறஊதாவை விழுங்கி, தெரியும் நீலமாக அது திருப்பித் தருகிறது. வெயிலில் வேட்டி பளிச்சென்று தெரிவது அதனால்தான். சொட்டு நீலத்தின் வழி வேறு. அது துணியின் மஞ்சள் சாயலை மறைக்கும் வெறும் சாயம். முருங்கைக் கீரையை நசுக்கி ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டினால் பச்சைத் திரவம் கிடைக்கும். அதே டார்ச்சின்கீழ் அது கரும்சிவப்பாக ஒளிரும். இலையில் இருந்தபோது ஒளியை வாங்கி உணவு சமைத்த பச்சையம், இப்போது கடத்திவிட வழியில்லாமல் வாங்கியதைச் சிவப்பாக உமிழ்கிறது. மஞ்சள்தூளை ஊறவைத்தால் பச்சை கலந்த மஞ்சள். டானிக் வாட்டர் கிடைத்தால் அதிலுள்ள க்வினைன் நீலம். இந்த க்வினைன் கரைசலை வைத்துத்தான் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1852இல் இந்த ஒளிர்வை விளக்கினார். மூன்று கண்ணாடி டம்ளரில் ஊற்றி அடுக்கிவைத்தால் சூனியக்காரியின் மருந்துக்கடை தயார். ஸ்பிரிட் பக்கத்தில் விளக்கு மட்டும் வேண்டாம். டார்ச்சைக் கண்ணுக்கு நேரே பிடிக்கவும் கூடாது. அதோடு கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்கு, செங்கல் இடுக்கில் தேள் பச்சையும் நீலமுமாக ஒளிர்வது தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அது அலங்காரம் இல்லை, நிஜத் தேள்.

புகைக்குச் சாம்பிராணி. சிலந்தி வலைக்குக் கிழிந்த கொசுவலை. எலும்புக்கூட்டை வாங்கவே இல்லை. சண்டே மார்க்கெட்டில் காந்தி வீதி ஓரம் கிடைத்த பழைய பேன்ட் சட்டைக்குள் வைக்கோல் திணித்து, தலைக்குச் சட்டி கவிழ்த்தோம். எல்லாவற்றையும் திண்ணைக்கும் தாழ்வாரத்துக்கும் உள்ளேயே முடித்துக்கொண்டோம். 2004இல் இதே அக்டோபர் 31 அன்று இங்கே ஒரே நாளில் 21 செ.மீ. மழை கொட்டியது. வெளியே காகிதம் கட்டுகிறவர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

என்னைக் கேட்டால், மொத்த வீட்டிலும் அசலாகப் பயமுறுத்தியது ஒரு பழைய காகிதக்கூழ் முகமூடிதான். புதுச்சேரிக்கு மேற்கே திருக்கனூரில் காகிதக்கூழ் பொம்மைத் தொழில் இருக்கிறது, புவிசார் குறியீடு பெற்றது. பழைய காகிதத்தை ஊறவைத்து அரைத்தால் மரநார் இழைகள் தனித்தனியாகும். பசையோடு அச்சில் அழுத்திக் காயவைத்தால், தண்ணீர் போகப்போக இழைகள் ஒன்றையொன்று நெருங்கி ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகிக்கொள்ளும். கையில் எடுத்தால் கனமே இருக்காது, தட்டினால் மரம் போல் ஒலிக்கும். எங்களிடம் இருந்தது எப்போதோ கொலுவுக்கு வாங்கியது. வண்ணமெல்லாம் உதிர்ந்து, பரண்மேல் கிடந்தது.

அதை மாட்டும்போது முன்பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டோம். குழிந்த உள்பக்கம் வெளியே. கீழே தரையில் ஒரு சின்ன எல்இடி விளக்கு. அவ்வளவுதான். ஐந்தாறு அடி தள்ளி நின்று பார்த்தால் அது குழிவாகவே தெரியவில்லை, சாதாரண முகம்போல் புடைத்துத் தெரிந்தது. இடதுபக்கம் நடந்தால் அதுவும் இடதுபக்கம் திரும்பியது. வலதுபக்கம் வந்தால் கூடவே வந்தது. தம்பி மகள் நாலு தரம் குறுக்கே ஓடிப்பார்த்துவிட்டு, என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

குழிமுக மாயை என்று இதற்குப் பெயர். பிரிட்டிஷ் உளவியலாளர் ரிச்சர்ட் கிரெகரி இதைப் பரவலாக அறியச் செய்தார். வாழ்நாள் முழுக்கப் பார்த்த எந்த முகமும் உள்ளே குழிந்ததில்லை. ஆகவே கண் 'குழி' என்று அனுப்பும் தகவலை மூளை நம்ப மறுத்து, புடைத்த முகமாகத் திருத்திக்கொள்கிறது. நாம் நகரும்போது மூக்கின் குழியும் கன்னமும் இடம்மாறுகிற விதம் அந்தத் திருத்தத்தோடு ஒத்துப்போக வேண்டுமானால், முகம் நம் பக்கம் திரும்பினால்தான் கணக்கு சரியாக வரும். அதனால் திரும்புவதாகவே காட்டிவிடுகிறது. குழி என்று தெரிந்தபின்னும் மாயை விலகாது. நானே கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு வந்து நின்றேன், மறுபடி திரும்பியது. மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் இதில் அவ்வளவாக ஏமாறுவதில்லை என்று ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அனுபவம் சொல்வதைக் கண் சொல்வதற்கு மேலே வைக்கிற அந்த ஏற்பாடு அவர்களிடம் வேறுமாதிரி வேலை செய்கிறது.

விளக்கைக் கீழே வைத்ததற்கும் காரணம் உண்டு. வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்பது மூளையின் இன்னொரு பிடிவாதம், சூரியன் கற்றுக்கொடுத்தது. குழிந்த முகத்துக்குக் கீழிருந்து வெளிச்சம் போட்டால், அதன் நிழல்கள் புடைத்த முகத்துக்கு மேலிருந்து வெளிச்சம் போட்டதுபோல் விழும். சந்தேகம் வர வழியே இல்லை.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டோம், முகமூடியைக் கழற்ற மறந்துவிட்டோம். விடுதலை நாள் விடுமுறை என்பதால் எல்லோரும் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தோம். ஆறு மணிக்கு பால்காரர் பையைக் கொக்கியில் மாட்டாமல், கேட்டுக்கு வெளியே நின்று மணியை அடித்துக்கொண்டே இருந்தார். வெளியே வந்து பார்த்தபோதுதான் புரிந்தது. இப்போது வெளிச்சம் மேலே வானத்திலிருந்து வருகிறது, குழிந்த முகத்தில் அது தலைகீழாக விழுகிறது. விடிந்த வெளிச்சத்தில், சுற்றிலும் எல்லாம் சரியாக இருக்கையில், அந்த ஒரு முகத்துக்கு மட்டும் கீழேயிருந்து யாரோ விளக்குப் பிடித்ததுபோல் இருந்தது.

"அத மொதல்ல திருப்பி வைங்க சார்" என்றார் பால்காரர். நிலைவாசலுக்கு மேலே ஆடி மாதத்துப் பூசணி, கண்ணைப் பிதுக்கிக்கொண்டு தொங்கியது. அதை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.